தூத்துக்குடி வெயிலில் கம்பளிப் பின்னல்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஞாயிறு பின்னல் வகுப்பை நடத்திவரும் உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



"உல்லன் பின்னலைப் பத்தி இருபது நிமிஷம் பேசுங்கக்கா" என்று செயலாளர் தம்பி சொன்னார். கூடவே, "வகுப்புக்குக் கட்டணம் வைக்கலாமா, இதை ஒரு வருமானப் பயிற்சியா மாத்தலாமான்னு கமிட்டியில பேச்சு இருக்கு, அதையும் தொட்டுக்கிடுங்க" என்றார். முதலில் பின்னல். கட்டணத்துக்குக் கடைசியில் வருகிறேன், ஆனால் அதைத் தொடாமல் விடமாட்டேன்.

வகுப்பு நடக்கிற வராந்தா வழியாகப் போகிற எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "தூத்துக்குடி வெயிலுக்குக் கம்பளியா?" நியாயமான கேள்வி. மார்கழியில்கூட நமக்கு ஒரு துண்டு போதும். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் தூத்துக்குடியிலேயே இருக்கிறார்களா? தெருவுக்கு நாலு வீட்டில் கப்பல் வேலைக்குப் போன பையன் இருக்கிறான். பனி கொட்டுகிற துறைமுகத்தில் ராத்திரி டெக்கில் நிற்கிறவனுக்குக் காது மறைக்க ஒரு தொப்பி வேண்டும். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் மாலுமிகளுக்கான திருச்சபை அமைப்பு ஒன்று 1898-இலிருந்து இதையே செய்து வருகிறது. ஊர் ஊராகத் தொண்டர்கள் தொப்பியும் மஃப்ளரும் பின்னி அனுப்புவார்கள், கிறிஸ்துமஸ் சமயத்தில் கப்பலில் இருக்கிறவர்களுக்கு அது போய்ச் சேரும். முகம் தெரியாத மாலுமிக்கு அவர்கள் பின்னுகிறார்கள். நமக்கு முகம் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாங்கள் இப்போது கற்றுக்கொள்வது சாதாரண ஸ்வெட்டர் பின்னல் இல்லை. பிரியோஷ் என்று ஒரு வகை. பிரியோஷ் என்றால் பிரெஞ்சுக்காரர்களின் ஒரு ரொட்டி. வெண்ணெயும் முட்டையும் போட்டு உப்பலாகச் சுடுவது. நம் ஊர் பேக்கரிக்காரர்கள் மக்ரூனை விட்டுவிட்டு அதைச் சுடப்போவதில்லை, அதனால் ரொட்டியைத் தேட வேண்டாம். 1840-கள் இங்கிலாந்தில் பின்னல் புத்தகங்கள் நிறைய அச்சான காலம். மிஸ் லாம்பர்ட் என்ற அம்மையாரின் புத்தகம் 1843-இல் வந்தது. அந்த ரொட்டியின் உருவத்தில் கால் வைத்துக்கொள்ள ஒரு திண்டு பின்னுவதற்கு அதில் வழி சொல்லியிருக்கிறது. திண்டுக்கு ரொட்டியின் பெயர், பின்னலுக்குத் திண்டின் பெயர். துணியைக் கையில் பிடித்துப் பார்த்தால் பெயர் சரிதான் என்று தோன்றும். அமுக்கினால் பன் மாதிரி அமுங்கி, விட்டால் எழும்பும்.

எப்படி இந்த உப்பல் வருகிறது? சாதாரணப் பின்னலில் ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு கண்ணியையும் பின்னுவோம். பிரியோஷில் ஒன்றைப் பின்னி, அடுத்ததைப் பின்னாமல் அப்படியே அடுத்த ஊசிக்கு நழுவ விடுவோம். நழுவவிட்ட கண்ணியின் தோளில் நூலை ஒரு சுற்றுப் போட்டு வைப்போம், முந்தானையை இழுத்துப் போடுகிற மாதிரி. அடுத்த வரிசையில் அந்தக் கண்ணியையும் அதன் முந்தானையையும் சேர்த்து ஒன்றாகப் பின்னுவோம். இதில் பின்னிய கண்ணி அதில் நழுவும், இதில் நழுவியது அதில் பின்னப்படும். ஆகவே துணி இரட்டை நூலாகத் தடிக்கிறது, நடுவில் காற்று தங்குகிறது. காற்று தங்கினால் குளிர் ஏறாது. முன்பக்கம் பின்பக்கம் என்று வித்தியாசமும் இல்லை, தொப்பியின் விளிம்பை மடித்துவிட்டால் இரண்டு பக்கமும் அழகாக இருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் யூடியூபைப் பார்த்துவிட்டுப் பயந்து வருகிறார்கள். அங்கே இரண்டு நிறம், இலை மாதிரி வளைவு, ஒரே பக்கத்தில் இரண்டு தடவை பின்னுவது என்று என்னென்னவோ காட்டுகிறார்கள். அதிலே பார்க், பர்ப் என்று இரண்டு சொல் அடிக்கடி வரும். பயப்பட வேண்டாம். பிரியோஷ் நிட், பிரியோஷ் பர்ல் என்பவற்றின் சுருக்கெழுத்தை வாயால் சொன்னால் ஆங்கிலத்தில் ஒன்று நாய் குரைப்பு, மற்றது ஏப்பம். அவர்களுக்குள் ஒரு விளையாட்டு அது. நெதர்லாந்தில் குடியேறிய நான்சி மார்ச்சண்ட் என்ற அமெரிக்க அம்மா இந்தப் பின்னலுக்கு என்றே புத்தகங்கள் எழுதி உலகம் பூராவும் பரப்பினார். நல்ல புத்தகங்கள், ஆனால் முதல் மாதத்துக்கு அவை வேண்டாம் என்பது என் கட்சி.

முதல் மாதத்துக்கு அந்தப் பழைய, ஒரு நிற வழியே போதும். அதில் மொத்தமே மூன்று அசைவு. நூல் முன்னே, ஒன்று நழுவ, இரண்டு சேர்த்து. இவ்வளவுதான். வரிசை முழுக்க இது, அடுத்த வரிசையும் இது, தொப்பி முடிகிற வரைக்கும் இது. நிட் ஒரு வரிசை, பர்ல் ஒரு வரிசை என்று மாற்றி மாற்றி ஞாபகம் வைக்கிற தொல்லைகூடக் கிடையாது. பர்ல் போடவே தெரியாதவர்கள் எங்கள் வகுப்பில் பிரியோஷ் பின்னுகிறார்கள்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளலாம். எட்டாம் நம்பர் ஊசி ஒரு ஜோடி, அதாவது 4 மில்லிமீட்டர். நம் கடைகளில் இன்னும் பழைய இங்கிலீஷ் நம்பர்தான், நம்பர் கூடக் கூட ஊசி மெலியும், அதைக் கவனியுங்கள். இருபது கண்ணி ஏற்றுங்கள். இரட்டைப்படை எண்ணாக இருக்கணும், ஒற்றைப்படை வேண்டாம். தளர்வாக ஏற்றுங்கள். முதல் வரிசை அஸ்திவாரம்: நூலை முன்பக்கம் கொண்டுவந்து, முதல் கண்ணியை வலது ஊசிக்கு நழுவவிட்டு, நூலை ஊசியின் மேலாகப் பின்பக்கம் போட்டு, அடுத்த கண்ணியை நிட் பின்னுங்கள். இப்படியே கடைசி வரை. நழுவிய ஒவ்வொரு கண்ணிக்கும் பக்கத்தில் ஒரு முந்தானை இப்போது சாய்ந்து கிடக்கும். திருப்புங்கள். இரண்டாம் வரிசை: நூல் முன்னே, தனியாக நிற்கிற கண்ணியை நழுவ விடுங்கள், நூலை மேலாகப் பின்னே போட்டு, கண்ணி முந்தானை இரண்டையும் சேர்த்து ஒரே நிட். வரிசை முடியும்போது ஊசியில் எண்ணினால் முப்பது வளையம் இருக்கும், ஆனால் கணக்கில் இருபது கண்ணிதான்: பத்துத் தனி, பத்து ஜோடி. ஜோடியை ஒன்றாக எண்ணுங்கள். ஒவ்வொரு வரிசை முடிவிலும் இந்தப் பத்தும் பத்தும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கற்றுக்கொள்ளும் காலத்தில் முக்கியமான வேலை, பின்னுவதைவிட முக்கியம்.

நாற்பது வரிசை பின்னினால் கண்ணுக்குத் தெரிவது இருபதுதான். ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகும் இரண்டு விரல் அகலம்தான் வந்திருக்கும். இதிலேதான் பாதிப்பேர் ஊசியை வைத்துவிட்டுப் போகிறார்கள். துணி மெதுவாக வளர்வது நம் கை மெதுவாக இருப்பதால் இல்லை, பின்னலின் அமைப்பே அப்படி. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் ஆள் நிற்கிறார்கள்.

நம் திரேஸ்புரத்துப் பெண்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சொன்னால் கோபிக்கக் கூடாது. நம் கை இறுக்கமான கை. வலை வேலை பார்த்த வீட்டுக் கை. கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியை நுழைத்து, முடிச்சை இறுக்கி, இன்னொரு தடவையும் இறுக்கிப் பார்த்துத்தான் அடுத்த கண்ணுக்குப் போவோம். வலைக்கு அது வேண்டும். வலை என்பது முடிச்சுகளால் ஆனது. ஒவ்வொரு கண்ணும் தன் முடிச்சில் தானே நிற்கும். பாறையில் சிக்கி நாலு கண் அறுந்தாலும் ஐந்தாவது கண் அசையாது, அறுந்த இடத்தை மட்டும் பொத்தினால் போதும். பின்னல் துணியில் முடிச்சே கிடையாது. ஒரே நூல் வளைந்து வளைந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு கண்ணி நழுவினால் அதன் கீழே உள்ளது நழுவும், அதன் கீழே உள்ளதும் நழுவும், ஏணி மாதிரி அடிவரை இறங்கிவிடும். இது தெரிந்ததும் நம் ஆட்கள் பயத்தில் இன்னும் இறுக்குகிறார்கள். இறுக்கினால் பிரியோஷ் வராது. முந்தானை நூலுக்குள் ஊசியே நுழையாது, விரல் முனை வலிக்கும். ஐம்பது வருஷம் வலை முடிந்த ஒரு ஆச்சி வகுப்புக்கு வந்தார். முதல் இரண்டு ஞாயிறும் நான் அவருக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: "ஆச்சி, நூலை விடுங்க. புடிக்காதீங்க." மூன்றாவது ஞாயிறு கை இளகிவிட்டது. இப்போது வகுப்பில் அவருடைய பின்னல்தான் சீராக இருக்கிறது, ஏனென்றால் கண் அளவு பார்க்கிற பழக்கம் அவருக்கு ரத்தத்தில் இருக்கிறது. ஒரு கண்ணி பெரிதாகப் போனால் பார்க்காமலேயே விரலுக்குத் தெரிகிறது.

நழுவுகிற பயத்துக்கு மருந்து இருக்கிறது. பத்து வரிசைக்கு ஒரு தடவை, தையல் ஊசியில் வேறு நிற நூலைக் கோத்து, ஊசியில் இருக்கிற எல்லாக் கண்ணிகள் வழியாகவும், ஜோடிகளையும் சேர்த்து, இழுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். மேலே எது குலைந்தாலும் அந்த நூல் வரைக்கும்தான் பிரியும். அங்கிருந்து கண்ணிகளைத் திரும்ப ஊசியில் ஏற்றிக்கொள்ளலாம். இங்கிலீஷில் இதற்கு லைஃப்லைன் என்று பெயர். நம் ஊரில் இதற்கு விளக்கம் சொல்லவே தேவையில்லை. முத்துக்குளிக்கப் போகிறவரின் கயிற்றைத் தோணியில் பிடித்துக்கொண்டு நிற்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அக்காளோ தங்கச்சியோ தாலி அறுக்கக் கூடாது என்று அவன்தான் கவனமாகப் பிடிப்பானாம். வகுப்பில் அந்த வேறு நிற நூலுக்கு "மச்சான் நூல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நான் வைத்த பெயர் இல்லை, ஆனால் நல்ல பெயர்.

இன்னும் இரண்டு கோளாறு அடிக்கடி வரும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முந்தானை போட மறந்துவிட்டால் அடுத்த வரிசையில் ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக் கண்ணி நிற்கும். பிரிக்க வேண்டாம். அந்தக் கண்ணிக்குக் குறுக்கே கிடக்கிற நூலைத் தூக்கி ஊசியில் மாட்டினால் முந்தானை கிடைத்துவிடும். மாறாக, முந்தானையைத் தனிக் கண்ணி என்று நினைத்துத் தனியாகப் பின்னிவிட்டால் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும், துணி விசிறியாக விரியும். வரிசைக்கு ஒரு தடவை எண்ணினால் இது இரண்டு அங்குலம் போன பிறகு தெரியாமல் அப்போதே தெரியும். நூலும் வெளிர் நிறமாக வாங்குங்கள். கறுப்பு நூலில் கண்ணியும் முந்தானையும் பிரித்துத் தெரியாது. முடி முடியாக இருக்கிற நூலும் வேண்டாம்.

பருத்தி நூலில் பின்னலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டது. தூத்துக்குடிக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். பருத்தியும் நூலும் கப்பல் ஏறின ஊர் இது. 1908-இல் வ.உ.சி. ஐயா முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் கோரல் மில் நூற்பாலைத் தொழிலாளிகளுக்காகத்தான். ஆனாலும் பிரியோஷுக்குப் பருத்தி ஒத்துவராது. பருத்தி நூலுக்கு இழுத்தால் திரும்பி வருகிற குணம் இல்லை, இந்தப் பின்னலோ நிறைய நூல் குடிக்கும். பாரத்தில் தொப்பி தொங்கி மூக்குக்கு வந்துவிடும். கைப்பிடித் துணி, பாத்திரம் இறக்கி வைக்கிற தடுக்கு இவற்றுக்குப் பருத்தி நல்லது. கடையில் உல்லன் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் அக்ரிலிக், ஆட்டு ரோமம் இல்லை. பழகுவதற்கு அது போதும். ஆனால் அது சூட்டில் உருகும், அதனால் அடுப்படித் தடுக்குக்கு அக்ரிலிக் ஆகவே ஆகாது.

இந்தத் துணிக்கு இங்கிலீஷில் இன்னொரு பெயரும் உண்டு. மீனவர் பின்னல். முந்தானை போடுவதற்குப் பதிலாக, ஒரு வரிசை கீழே இருக்கிற கண்ணிக்குள் ஊசியை விட்டுப் பின்னினாலும் கடைசியில் இதே துணிதான் கிடைக்கும். வழி வேறு, துணி ஒன்று. வட கடலில் மீன் பிடிக்கிறவர்களுக்கு வீட்டுப் பெண்கள் பின்னின ஸ்வெட்டர்களைப் பற்றி ஒரு கதை உலகம் முழுக்க உலவுகிறது. ஊருக்கு ஊர் வேறு வேறு பின்னலாம், கடலில் செத்துக் கரை ஒதுங்கினவரை அந்தப் பின்னலை வைத்து எந்த ஊர்க்காரர் என்று கண்டுபிடிப்பார்களாம். ஊருக்கு ஒரு பின்னல் என்பது பெரும்பாலும் பிறகு கட்டின கதை. இந்தப் பேச்சு பரவ ஒரு நாடகமும் காரணம் என்பார்கள். அயர்லாந்துக்காரர் ஜான் சிங் எழுதி 1904-இல் மேடையேறிய ‘ரைடர்ஸ் டு த சீ’. அதில் ஒரு வீட்டில் ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கடலில் போகிறார்கள். தூரத்துக் கரையில் ஒதுங்கின உடலிலிருந்து எடுத்த ஒரு காலுறை வீட்டுக்கு வருகிறது. தங்கச்சிதான் அதைப் பின்னினவள். எத்தனை கண்ணி ஏற்றினோம், அதில் எத்தனை குறைத்தோம் என்று அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. எண்ணிப் பார்க்கிறாள். எண்ணிக்கை சரியாக இருக்கிறது. அண்ணன்தான் என்று அப்படித்தான் அவர்களுக்குத் தெரிகிறது.

வகுப்பில் இந்தக் கதையைச் சொன்ன அன்றைக்கு யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நம் ஊரில் இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. சங்கு குளிக்கப் போகிறவரின் வீட்டுக்காரம்மா ஒருவர் மட்டும், "எண்ணிட்டு இருக்கையில மணி பாக்க மாட்டேங்கேன், அதுக்காகத்தான் நான் வாறேன்" என்றார்.

இனி கட்டண விஷயம்.

பெண்களுக்குக் கைவேலை கற்றுக்கொடுத்தால் காசு வரும் என்பது நம் தென்கோடியில் புதிய யோசனை இல்லை. இருநூறு வருஷப் பழையது. சார்லஸ் மால்ட் என்ற மிஷனரியும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அந்த அம்மா அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி வைத்து, எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். திண்டின் மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றின சின்னச் சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற லேஸ். திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை இருந்தது, 1855-இல்தான் ஒழிந்தது. அடிமை வீட்டில் பிறந்த பெண்கள் லேஸ் விற்ற காசைக் கொண்டு தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் வரலாற்றில் வருகிறது. அந்த மால்ட் அம்மாவின் மகள் எலிசா. அவரைத்தான் 1844-இல் கால்டுவெல் கட்டினார், நாம் கால்டுவெல் ஸ்கூல் என்கிறோமே, அந்தக் கால்டுவெல். எலிசா அம்மா இடையன்குடிக்குப் போய் அங்கேயும் பெண்பிள்ளைகள் பள்ளியும் லேஸும் தொடங்கினார். கணவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதினார் என்று எல்லாருக்கும் தெரியும், மனைவி கற்றுக்கொடுத்த லேஸைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு இல்லை. பிறகு 1897-இல் பெல்ஜியத்திலிருந்து மதர் மேரி லூயிஸ் டி மீஸ்டர் முளகுமூட்டுக்கு வந்தார். அங்கே கன்னியர் மடத்திலும் அனாதைப் பிள்ளைகளுக்கு லேஸும் பூவேலையும் கற்றுக்கொடுத்தார்கள்.

இது பெரிய காரியம், நான் மறுக்கவில்லை. ஒரு பெண்ணின் விரல் சம்பாதித்த காசு அவளை அடிமைத்தனத்திலிருந்து மீட்டது என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் இதே கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆந்திராவில் நரசாபுரம் பக்கத்தில் குரோஷா லேஸ் பின்னுகிற பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1982-இல் ஒரு புத்தகம் எழுதினார். அங்கேயும் மிஷனரிகள் தொடங்கி வைத்ததுதான். சரக்கு வெளிநாட்டுக்குப் போனது, வியாபாரிகள் வளர்ந்தார்கள். பின்னின பெண்கள் மட்டும் ஏழையாகவே இருந்தார்கள். ஏன்? "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள்" என்று சொல்லிச் சொல்லியே கூலி கொடுக்காமல் விட்டார்கள். பின்னுகிறவர்களும் அதை நம்பினார்கள். அது வேலை என்று யாரும் சொல்லவில்லை.

நம் கடற்கரையிலும் பார்த்தோமே. பருத்தி நூல் வலை இருந்த காலத்தில் வலை முடிவது பெண்களுக்கு ஒரு வருமானம். நைலான் வந்தது, பிறகு வலை பின்னுகிற இயந்திரமே வந்தது. கன்னியாகுமரிக் கடற்கரையிலும் கேரளத்திலும் எத்தனையோ பெண்களுக்கு அந்த வேலை போயிற்று. நைலான் வலை வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். போன கூலிக்கு யாரும் பதில் சொல்லவும் இல்லை.

இப்போது நம் வகுப்புக் கணக்கைப் பாருங்கள். ஓரளவு கை வந்தவருக்கு ஒரு பிரியோஷ் தொப்பிக்குப் பத்து மணி நேரம் ஆகிறது. நூல் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொப்பியை முந்நூறுக்கு விற்றால் மிச்சம் இருநூறு. மணிக்கு இருபது ரூபாய். வெயில் ஊரில் முந்நூறு கொடுத்துக் கம்பளித் தொப்பி வாங்குகிறவர் யார் என்பது அடுத்த கேள்வி. மெஷினில் பின்னின தொப்பி பிளாட்பாரத்தில் அதைவிட மலிவு. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே "வருமானப் பயிற்சி" என்று போர்டு எழுதி, ஐந்நூறு ரூபாய் கட்டணம் வாங்கினால், வருமானம் வரப்போவது பயிற்சி நடத்துகிறவருக்கு மட்டும்தான்.

இதை நான் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "வீட்டிலிருந்தே பின்னல் வேலை" என்று செல்போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து நம் பகுதியிலேயே சிலர் முன்பணம் கட்டினார்கள். நூல் வந்தது. பின்னி அனுப்பினார்கள். "தரம் சரியில்லை, அளவு குறைகிறது" என்று திருப்பி அனுப்பினார்கள். முன்பணம் திரும்பி வரவில்லை. அதில் ஒருவர் மீன் விற்ற காசில் மகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததைக் கட்டினவர். வேலை கொடுக்கிறவர்தான் நமக்குக் காசு தரவேண்டும், நாம் அவருக்கு ஏன் தரவேண்டும்? முன்பணம் கேட்டு யாராவது வேலை தருகிறேன் என்றால் சங்கத்தில் வந்து சொல்லுங்கள், நாலு பேரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கட்டிவிட்டவர்களும் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காமல் வைத்திருங்கள், புகார் கொடுக்க அதுதான் ஆதாரம்.

ஆகவே கமிட்டிக்கு என் வேண்டுகோள் இது. வகுப்புக்குக் கட்டணம் வேண்டாம். வருமானப் பயிற்சி என்ற பெயரும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கடலுக்குப் போகாத நாள், பெண்களுக்கும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மூச்சு விட நேரம் கிடைக்கும். மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை வராந்தாவும் இரண்டு பெஞ்சும் ஒரு மின்விசிறியும் கொடுத்தால் போதும். ஊசி ஆறு ஜோடி சங்கத்தில் வாங்கி வைத்தால் பழகும் வரை மாற்றி மாற்றிப் பிடிக்கலாம். நூல் அவரவர் வாங்கிக்கொள்கிறோம். யாராவது நன்றாகப் பின்னி, வெளியே ஆர்டர் வந்தால், விலையைப் பின்னினவர் சொல்லட்டும், நேரத்தையும் சேர்த்துச் சொல்லட்டும். "சும்மா இருக்கிற நேரம்தானே" என்று பேரம் பேசுகிறவருக்குக் கொடுக்க வேண்டாம், அது சொந்தக்காரராக இருந்தாலும்.

கப்பலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு மட்டும் காசு இல்லாமல் ஒன்று கொடுக்கலாம் என்று வகுப்பில் முடிவு செய்திருக்கிறோம். இதுவரை இரண்டு தொப்பி போயிருக்கிறது. நான் சொன்ன அந்த ஆச்சி பேரனுக்குப் பின்னினது ஒன்று. நீலமும் சாம்பலும். பையன் கப்பலிலிருந்து போட்டோ அனுப்பியிருந்தான், பின்னால் எல்லாம் வெள்ளையாகப் பனி. ஆச்சி போனை வாங்கி, பையன் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு விரலால் தொப்பியைப் பெரிதாக்கி விளிம்பைப் பார்த்தார். "மூடினது கொஞ்சம் இறுக்கம்" என்றார்.

(கூட்டத்தில் கேட்ட கேள்விகளில் இரண்டுக்கு அவர் தந்த பதில்:)

இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. பின்னலில் இரண்டு கையும் வேலை செய்கிறது. எதிரில் உட்கார்ந்து, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி பார்த்துப் பழகினால் இடது கைக்காரர்களுக்குச் சுலபம். வகுப்பில் ஒரு பிள்ளை அப்படித்தான் பழகுகிறது.

ஆண்கள் வரலாமா என்று அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே கேட்டார். ஏன் சிரிப்பு? நம் ஊரில் ஆம்பளைகள்தான் கடற்கரையில் உட்கார்ந்து வலை பொத்துகிறார்கள், ஊசி பிடிக்காத கையா அது? வரலாம். எட்டாம் நம்பர் ஊசி, வெளிர் நிற நூல், மச்சான் நூலுக்கு வேறு நிறத்தில் இரண்டு முழம். கடையில் நூறு கிராம் பந்தாகக் கேட்டு வாங்குங்கள், ஒரே சாய நம்பர்தானா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பாதித் தொப்பி ஒரு நீலமும் மீதி வேறொரு நீலமுமாக வந்து நிற்கும்.